மனுதாரர் ஜெகந்நாதன்: ஒரு குடும்பமும் ஒரு வழக்கும்

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வழக்கின் பெயர் மனப்பாடமாகத் தெரியும்: எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம், 1996. கடற்கரை இறால் பண்ணைகள் பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அது. ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ (சேதம் முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்பது) என்று தேர்வுத்தாளில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அந்த ஜெகந்நாத் யார் என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை. அவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். தமிழ்நாட்டுக்காரர், காந்திய வழியில் எல்லோருடைய உயர்வுக்கும் உழைக்கிற சர்வோதய இயக்கத்தின் தொண்டர். உச்ச நீதிமன்றத்தில் அந்த மனுவைப் போட்டபோது அவருக்கு ஏறக்குறைய 80 வயது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவர் என்ற முறையில்தான் அவர் மனுதாரர் ஆனார்.

நம் ஊர் இரங்கல் குறிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல கணவர், பாசமுள்ள தந்தை என்று ஒரு வரி; சமூக சேவகர், தியாகி என்று இன்னொரு வரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். வீடு வேறு, ஊர் வேறு என்று நினைக்கிற பழக்கம் அது. ஜெகந்நாதனின் வாழ்க்கையை அப்படிப் பிரித்து எழுதினால் பாதிக்கு மேல் விளங்காது. அவருடைய பொதுவேலை நடந்ததே அவருடைய திருமணத்தை வைத்துத்தான். மனைவி கிருஷ்ணம்மாளை எடுத்துவிட்டால் நில மீட்பும் இல்லை, இறால் பண்ணை வழக்குக்குப் பின்னால் நின்ற கூட்டமும் இல்லை. அதனால் இதை ஒரு தனி மனிதரின் வரலாறாக எழுதாமல், ஒரு குடும்பம் எப்படி ஒரு மாவட்டத்தின் நிலப் பிரச்சினைக்குள் போய்க் குடியேறியது என்பதற்கான ஆய்வாக எழுதுகிறேன்.

சுதந்திர நாட்டில்தான் கல்யாணம்

ஜெகந்நாதன் 1914இல் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் வசதியான வீட்டில் பிறந்தவர். 1930இல் காந்தி கூப்பிட்டபோது கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் ஆசிரம வாழ்க்கை, கெய்தான் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டரோடு சேர்ந்து ஏழைகள் நடுவே வேலை, 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம், சிறை. அந்தத் தலைமுறையில் பலருடைய பாதை இப்படித்தான் இருந்தது. இதில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை.

அவர் வாழ்க்கை தனித்து நிற்பது திருமணத்தில் இருந்துதான். கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய் நாகம்மாள் சின்ன வயதிலேயே கணவரை இழந்து, கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். டி. வி. எஸ். குடும்பத்து மகளும் மருத்துவருமான சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் கிருஷ்ணம்மாள் மதுரையில் பட்டப்படிப்பு முடித்தார். 1940களில் அது லேசான காரியமில்லை. சௌந்தரம் அம்மையாரும் கணவர் ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தைச் சுற்றி இருந்த வட்டத்தில்தான் இருவரும் பழகினார்கள்.

நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். 1950 ஜூலையில் மணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 35 வயது, பெண்ணுக்கு 24. வசதியான சாதி இந்து வீட்டுப் பிள்ளை தலித் பெண்ணைக் கைப்பிடிப்பது இன்றைக்கும் பல ஊர்களில் வெட்டுக்குத்தில் முடிகிறது. அன்றைக்கு அதைச் செய்தவர்கள் மேடைக்காகச் செய்யவில்லை என்பதற்கு அடுத்த 62 ஆண்டுகளே சாட்சி.

கல்யாணமான கையோடு பிரிவும் வந்தது. 1950 முதல் 1952 வரை ஜெகந்நாதன் வடக்கே காந்தியின் சீடர் வினோபா பாவேயோடு இருந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தார். குடும்பஸ்தர் என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கிற பொருளை வைத்துப் பார்த்தால் இது மோசமான தொடக்கம். ஆனால் அந்தக் காலத்து ஆண் சேவகர்கள் பலர் மனைவியை வீட்டில் விட்டுவிட்டு நாட்டுக்காகக் கிளம்பிப்போனவர்கள். இங்கே மனைவி படிப்பை முடிக்கிறார். முடித்ததும் கணவரோடு அதே களத்துக்கு வருகிறார். இந்த வித்தியாசம் பின்னால் பெரிதாகிறது.

கேட்டு வாங்கிய நிலம்

1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலம் உள்ளவர்களிடம் கேட்டு வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற வினோபாவின் பூமிதான இயக்கம் பிறந்தது. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஜெகந்நாதனிடம் வந்தது. 1956இல் வினோபா தமிழ்நாட்டுக்குள் நடந்து வந்தபோது அந்த நடைப்பயணத்தை ஊர் ஊராக ஏற்பாடு செய்தவர்களில் முன்னால் நின்றவர் அவர். 1953 தொடங்கி 1967 வரை கணவனும் மனைவியும் கிராமங்களில் நடந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்ததும் இந்த நடைக்கு இடையில்தான்.

பூமிதானத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். நல்ல மனதோடு கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் கொடுக்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி மேடும் கரடும். சில வழக்கில் கிடந்தவை, சில காகிதத்தில் மட்டும் இருந்தவை. உழவனின் கைக்கு வந்து சேராமலே போன ஏக்கர்கள் ஏராளம். தஞ்சை வயல்காரர்கள் தண்ணீர் பாய்கிற நஞ்சையை எடுத்து ‘இந்தா’ என்று கொடுத்துவிடவில்லை. இதை ஜெகந்நாதன் போல உள்ளே இருந்து பார்த்தவர்கள் குறைவு. கேட்டால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து, கேட்டும் கொடுக்காவிட்டால் உட்கார்ந்து போராட வேண்டும் என்ற இடத்துக்கு அவர் நகர்ந்தார். வினோபாவின் சீடர்கள் எல்லோரும் அப்படி நகரவில்லை. 1970களில் இந்திரா காந்தி அரசுக்கு எதிராக இயக்கம் நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயணின் பக்கம் அவர் போனதற்கும், நெருக்கடிநிலையில் சிறை சென்றதற்கும் காரணம் இந்த மாற்றத்தில் இருக்கிறது. கிருஷ்ணம்மாளும் அந்த ஆண்டுகளில் பீகாரில் இருந்தார். போத்கயா மடத்து நிலங்களுக்காக நடந்த போராட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், கம்யூனிஸ்டுகளின் செங்கொடி சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் நில உடைமையாளர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரிகிறது.

செய்தி கேட்டு ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கு, அதாவது இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர்ப் பகுதிக்கு, போனார்கள். போனவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை, அங்கேயே தங்கி வேலை செய்ய முடிவெடுத்தார்கள். இந்த ஆய்வின் திருப்புமுனை இந்த முடிவுதான். நாகப்பட்டினத்துக்கு அருகே கூத்தூரில் வினோபா ஆசிரமம் அமைந்தது. காந்திகிராமத்தில் ஒரு வீடும் கூத்தூரில் ஒரு களமுமாக அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வாழ்க்கை ஓடியது.

கீழத்தஞ்சை வெறும் மண் இல்லை. பண்ணையாள்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த மண். அந்தக் கொடுமைக்கு எதிராக பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் 1940களிலிருந்தே சங்கம் கட்டியிருந்தார்கள். அந்தச் சங்கம் இல்லையென்றால் குனிந்த முதுகு நிமிர்ந்திருக்காது. பின்னால் வந்த சர்வோதயக்காரர்களை இடதுசாரிகள் சந்தேகத்தோடு பார்த்ததில் தப்பில்லை. மிராசுதாரிடம் கைகூப்பிப் பேசுகிறவர்கள் கடைசியில் யார் பக்கம் நிற்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலைப் பேச்சில் சொல்ல முடியாது. வலிவலம் போன்ற ஊர்களில் அறக்கட்டளைகளின் பெயரில் முடங்கிக் கிடந்த நிலங்களுக்காக அவர்கள் நடத்திய சத்தியாக்கிரகமும் சிறைவாசமும்தான் அந்தப் பதில்.

அறக்கட்டளை என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. சட்டம் வந்த வேகத்தில் நிலங்கள் உறவினர், வேலைக்காரர், கோயில், அறக்கட்டளை என்று பெயர் மாறின. காகிதத்தில் ஆயிரம் பேர் சொந்தக்காரர்கள், களத்தில் நெல் போய்ச் சேருகிற வீடு ஒன்றுதான். இந்தப் பினாமிக் கணக்கை ஊர் ஊராக உட்கார்ந்து வெளியே எடுத்ததுதான் இவர்கள் செய்த பொறுமையான வேலை. உண்ணாவிரதப் படங்களுக்குக் கிடைக்கிற இடம் இந்த வேலைக்கு எந்தப் பத்திரிகையிலும் கிடைத்ததில்லை.

ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கர்

1981இல் இருவரும் ‘லாஃப்டி’யைத் தொடங்கினார்கள். உழுபவர்களின் நில விடுதலைக்கான அமைப்பு. அது செய்த காரியம் கேட்பதற்கு எளிமையாக இருக்கும். நிலத்தை விற்கத் தயாராக இருக்கிற உடைமையாளரையும் நிலமில்லாத குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நியாயமான விலை பேசுவது. வங்கிக் கடனும் அரசு உதவியும் வாங்கித் தருவது. நிலத்தைப் பெண்ணின் பெயரில் பதிவது. கடன் அடையும் வரை பயிர் செய்ய உதவுவது.

செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். முதல் முயற்சிகள் தோற்றன. நிலமில்லாத தலித் பெண்ணுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணம் நிலத்தின் விலையோடு சேர்ந்து கழுத்தை நெரித்தது. கிருஷ்ணம்மாள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, அரசாங்கத்தை இசைய வைத்துத்தான் திட்டம் நகர்ந்தது. 2007 வாக்கில் சுமார் 13,000 ஏக்கர், ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஓர் ஏக்கர். ஓர் ஏக்கரில் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் கூலி குறைவு என்று தோன்றினால் ‘வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத் தன் வயலில் இறங்கலாம். தலைமுறை தலைமுறையாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல்தான் அந்த மக்கள் வாழ்ந்தார்கள்.

பட்டாவில் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்ததை நான் இந்த வாழ்க்கையின் ஆகப் பெரிய முடிவாகப் பார்க்கிறேன். ஆணின் பெயரில் எழுதியிருந்தால் அந்த ஏக்கரில் எத்தனை ஏக்கர் சாராயக் கடைக்கும் கந்துவட்டிக்காரருக்கும் போயிருக்கும் என்பது கீழத்தஞ்சைப் பெண்களைக் கேட்டால் தெரியும். நிலத்தோடு அது நிற்கவும் இல்லை. பாய் நெசவு, கயிறு திரித்தல், தச்சு, கொத்து வேலை என்று நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களுக்கான பிழைப்பும், மண் குடிசைக்குப் பதிலாகச் செங்கல் வீடும் பின்னால் வந்தன.

இந்தக் கட்டத்தில் ஜெகந்நாதனுக்கு வயது 70ஐத் தொடுகிறது. கிருஷ்ணம்மாள்தான் முன்னால் நிற்கிறார். பேச்சுவார்த்தை, வங்கி, ஆட்சியர் அலுவலகம், பெண்கள் கூட்டம் எல்லாம் அவர். பூமிதானக் காலத்தில் மாநில அளவில் பெயர் பெற்றவரும் அகில இந்திய சர்வ சேவா சங்கத்தின் தலைவராக இருந்தவருமான கணவர், மனைவியின் தலைமையில் நடக்கிற வேலைக்குத் தோள் கொடுக்கிறார். இது சாதாரணமாக நடக்கிற காரியமா? நம் பொதுவாழ்க்கையில் பெரிய மனிதர்களின் மனைவிகள் பெரும்பாலும் நிழலில் நின்றவர்கள். ஜெகந்நாதனை நல்ல குடும்பஸ்தர் என்று சொல்ல எனக்குக் கிடைக்கிற முதல் ஆதாரம் இதுதான்.

வயலுக்குள் கடல்

1990களின் தொடக்கத்தில் கடற்கரையோரம் புது ஆட்கள் வந்தார்கள். காரில் வந்து, ரொக்கம் கொடுத்து, கடைமடை நிலங்களை மொத்தமாக வாங்கினார்கள். தண்ணீர் ஒழுங்காக வராத கடைமடையில் நெல் விளைந்தும் விளையாமலும் நொந்துபோயிருந்த விவசாயிக்கு அந்த விலை பெரிதாகத் தெரிந்தது. வாங்கியவர்கள் நெல் பயிரிடவில்லை. பொக்லைன் வைத்துக் குளம் வெட்டினார்கள். வரி இறால் வளர்த்து ஏற்றுமதி செய்கிற தொழில் அது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வருகிறது என்று அரசாங்கங்களும் கைகொடுத்தன.

இறால் பண்ணை என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடலிலிருந்தோ முகத்துவாரத்திலிருந்தோ உப்புநீரை மோட்டார் வைத்து இறைத்துக் குளத்தை நிரப்புகிறார்கள். உப்பின் அளவைச் சரிக்கட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்துக் கலக்கிறார்கள். குளத்தில் நிற்கிற உப்பு பக்கத்து வயலுக்குப் பக்கவாட்டில் ஊறுகிறது. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. மிஞ்சிய தீவனம், கழிவு, மருந்து எல்லாம் கலந்த நீரை அறுவடைக்குப் பிறகு வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். ஊர்க் கிணறு கரிக்கிறது, வாய்க்கால் மீன் சாகிறது, மாடு குடிக்க மறுக்கிறது. மீனவர்கள் கடலுக்குப் போகிற பாதையில் வேலி நிற்கிறது.

அதோடு கூலி. ஓர் ஏக்கர் நெல்லில் நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க, அடிக்க என்று எத்தனை பேருக்கு வேலை! இறால் குளத்துக்குக் காவலுக்குச் சிலர் போதும். நிலமில்லாத பெண்களுக்கு இது நேராக அடுப்பில் விழுந்த அடி. லாஃப்டி வாங்கிக்கொடுத்த ஏக்கர்களின் பக்கத்தில் இறால் குளம் வந்துவிட்டால், இருபது ஆண்டு உழைப்பு சில பருவங்களில் உவராகிவிடும். ஜெகந்நாதன் இந்தப் போராட்டத்தில் ஏன் அத்தனை பிடிவாதமாக நின்றார் என்பதற்குக் காரணம் இதுதான். பலரும் அவரைச் சுற்றுச்சூழல் போராளி என்று எழுதுகிறார்கள். அவர் நிலப் போராளி. மீட்ட நிலத்தை உப்பிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. அதற்காகச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கதவைத் தட்டினார்.

மறியல், ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து அடியாட்கள், பொய் வழக்கு, கைது எல்லாம் வந்தன. ஊர் மக்களின் சத்தியாக்கிரகத்தை மட்டும் வைத்துக் கோடிக்கணக்கில் பணம் புரள்கிற தொழிலை நிறுத்த முடியாது என்று தெரிந்த பிறகு, 1994இல், அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றத்தை நாட வழிவிடுகிற அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவின் கீழ் ஜெகந்நாதன் அங்கே போனார். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் நிபுணர்கள் கடற்கரைக்கு வந்து ஆராய்ந்தார்கள். இறாலில் வருகிற பணத்தைவிட மண்ணுக்கும் நீருக்கும் மக்களுக்கும் ஆகிற சேதம் பெரிது என்று அவர்கள் சொன்னார்கள். கூலிக்காரப் பெண்கள் இத்தனை நாளாகச் சொல்லிவந்ததும் அதுவேதான். அது ஓர் அறிவியல் அறிக்கையின் தாளில் ஏறிய பிறகே காது கேட்டது என்பது வேதனை. ஆனாலும் ஏறியதே.

இயற்கையும் ஒரு சாட்சி சொன்னது. 1994 கடைசியிலிருந்து வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய் இந்தியக் கடற்கரைப் பண்ணைகளைத் தாக்கியது. இறால் செத்து மிதந்தது. பலர் குளங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். முதலீடு செய்தவர் வேறு தொழிலுக்குப் போய்விடலாம், உப்பு ஏறிய மண்ணுக்கு அந்த வசதி இல்லை.

1996 டிசம்பர் 11. நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது 1991 அறிவிக்கையின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், பாரம்பரிய முறையிலும் மேம்படுத்தப்பட்ட பாரம்பரிய முறையிலும் நடப்பவை தவிர மற்ற இறால் குளங்களை 1997 மார்ச் 31க்குள் இடித்து அகற்ற வேண்டும். விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குளமாக மாற்றக் கூடாது. மாசுபடுத்தியவர்களே ஈடுகட்ட வேண்டும். வேலை இழக்கிற தொழிலாளிகளுக்குச் சட்டப்படியான ஈட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுச் சம்பளம் தர வேண்டும். எல்லாவற்றையும் மேற்பார்வையிட மத்திய அரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும்.

தொழிலாளிகளுக்கான அந்தப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. இறால் பண்ணையில் காவலுக்கு நின்றவனும் அதே ஊர் ஏழைதான். அவனை மறக்காத தீர்ப்பு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் இதே நீதிபதி குல்தீப் சிங் தந்த தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தியாவின் சுற்றுச்சூழல் நீதியின் இரண்டு பெரிய தூண்கள் ஒரே ஆண்டில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து எழுந்தது தெரியும்.

வீட்டுக்குள்ளே

மகனும் மகளும் காந்திகிராமச் சூழலில் வளர்ந்தார்கள். இருவரும் மருத்துவர்கள் ஆனார்கள். அப்பா ஒரு சிறையிலும் அம்மா வேறொரு போராட்டத்திலும் இருந்த காலங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தன. பெற்றோரின் தியாகம் என்று நாம் கொண்டாடுகிற ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் ஒரு பங்கு கட்டியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் அந்தப் பங்கை வைக்கவில்லை. ஜெகந்நாதனை நினைவுகூர்கிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது சரியில்லை.

அதே நேரத்தில் அந்த வீட்டில் ஒன்று நடந்தது. பெரும்பாலான பொதுவாழ்க்கைக் குடும்பங்களில் அப்பாவின் பெயர் பிள்ளைகளுக்குச் சொத்தாகிவிடும்: பதவி, வாரிசு, அறக்கட்டளைத் தலைமை. இங்கே சேர்த்துவைக்க எதுவும் இல்லை. பேரம் பேசி வாங்கிய 13,000 ஏக்கரில் தங்களுக்கென்று எதையும் எழுதிக்கொள்ளாத தம்பதி. சுற்றியிருந்தவர்கள் அவர்களை அம்மா, அப்பா என்றே கூப்பிட்டார்கள். அந்த உறவுமுறை மரியாதைக்காக மட்டும் வந்ததில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை சேரிக்கு மருமகனாக வந்தவர். சேரியில் நுழைந்து சாப்பிட்டு எழுகிற விருந்தாளி இல்லை. அந்த வேறுபாட்டைக் கீழத்தஞ்சைப் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். வெளியிலிருந்து உதவ வருகிற எந்தச் சேவகரிடமும் அவர்கள் முழுதாக மனம் திறக்க மாட்டார்கள். கிருஷ்ணம்மாள் அவர்களில் ஒருத்தி. அவருடைய கணவர் என்பதால் ஜெகந்நாதனும் அவர்களில் ஒருவர் ஆனார். அவருடைய காந்தியத்தைவிட, அவருடைய கல்யாணம்தான் அந்தக் கதவைத் திறந்தது என்று எனக்குப் படுகிறது.

2008இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன், லாஃப்டி என்று சேர்த்து அறிவிக்கப்பட்டது. மாற்று நோபல் என்று அறியப்படுகிற விருது. பட்டியலில் மனைவியின் பெயர்தான் முதலில். ஜெகந்நாதனுக்கு அப்போது ஏறக்குறைய 94 வயது, பார்வை மங்கியிருந்தது. 2013 பிப்ரவரி 12ஆம் நாள் அவர் காலமானார். கிருஷ்ணம்மாள் வேலையைத் தொடர்ந்தார். 2020இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது வயது 93. அப்போதும் குடிசைகளில் இருப்பவர்களுக்கு வீடு கட்டுவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு என்ன ஆயிற்று

இந்த ஆய்வில் கசப்பான பகுதி இது. 1996 தீர்ப்பு எழுதப்பட்டபடி நிறைவேறவில்லை. சீராய்வு மனுக்கள் வந்தன, இடிக்கும் வேலை நின்றது. தொழிலைக் காப்பாற்றச் சட்டம் கொண்டுவரும் முயற்சி 1997லேயே நாடாளுமன்றத்தில் தொடங்கியது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது என்று அது சொன்னது. ஏற்கனவே இருந்தவற்றுக்கு விலக்கும் கொடுத்தது. கடற்கரை மண்டல விதியின் 500 மீட்டர் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். 2023 திருத்தம் அதை இன்னும் உறுதிப்படுத்தியது. நீதிமன்றம் மூடிய கதவை நாடாளுமன்றம் திறந்துவிட்டது. அதுவும் எப்போது? 2004 டிசம்பர் சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை நாகப்பட்டினம் மாவட்டம் பறிகொடுத்து ஓர் ஆண்டு கூட ஆகாதபோது.

அப்படியானால் வழக்கு தோற்றதா? தோற்றது என்று சொல்ல மாட்டேன். கட்டுப்பாடே இல்லாமல் நடந்த தொழில் உரிமம், பதிவு, கழிவுநீர்த் தரம் என்ற வரையறைக்குள் வந்தது இந்த மனுவால்தான். இன்றைக்கும் சென்னையில் இருந்து செயல்படுகிற ஆணையத்தின் பிறப்புக்கு வேர் அந்தத் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு கிராமத்து ஆள் மனுப் போட்டு வாதாட முடிகிறதென்றால், அந்தப் பாதையில் ஜெகந்நாதனின் காலடி இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது உரிமத்தோடு நடக்கிற இறால் பண்ணை இல்லை. நெல் விளைகிற மண்ணில் இறால் பண்ணையே கூடாது என்றுதான் கேட்டார். அந்தக் கோரிக்கை அப்படியே நிற்கிறது.

2020இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் செய்தது. நாகப்பட்டினமும் அதற்குள் வருகிறது. அந்த மண்டலத்தில் எந்தெந்தப் புதுத் தொழில்கள் கூடாது என்று சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல். இறால் பண்ணை அந்த அட்டவணையில் இல்லை. அதைச் சேர்க்கச் சட்டமன்றத்துக்கு ஒரு திருத்தம் போதும். படுகை உழவர் சங்கங்கள் ஜெகந்நாதனின் பெயரில் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை அது.